நெஞ்சுவலி மாத்திரையும் நீல மாத்திரையும்: விறைப்புக் குறைபாட்டு மருந்தின் பாதுகாப்பு நெறிகள் உருவான வரலாறு

முன்னுரை

விறைப்புக் குறைபாட்டுக்கு மருந்து கேட்டு வருபவரிடம், "நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்காமல் பொறுப்புள்ள எந்த மருத்துவரும் சில்டெனாஃபில் எழுதித் தருவதில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வந்து அமர்ந்தவருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படலாம். உண்மையில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான மருத்துவ வரலாறு அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. இதய மருந்துகளும் விறைப்புக் குறைபாட்டு மருந்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த உறவு படிப்படியாக வெளிப்பட்ட விதத்தையும், அதிலிருந்து இன்றைய பாதுகாப்பு விதிகள் பிறந்த விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நைட்ரேட்டின் புதிர்

1867இல் எடின்பரோவில் பணியாற்றிய லாடர் பிரண்டன், அமைல் நைட்ரைட்டை முகரச் செய்தால் நெஞ்சுவலி தணிவதைக் கண்டார். 1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல், நைட்ரேட் வகை வெடிமருந்தான நைட்ரோகிளிசரினை மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பயன் கண்டார். வலி குறைந்தது, காரணம் மட்டும் நூறாண்டுக் காலம் புதிராகவே நீடித்தது.

1977இல் ஃபெரிட் முராட், நைட்ரோகிளிசரின் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுவதைக் கண்டறிந்தார். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், இரத்தக்குழாயின் உள்படலம் தானே ஒரு தளர்த்தும் பொருளைச் சுரப்பதைக் காட்டினார். அந்தப் பொருளும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது பின்னர் லூயி இக்னாரோ உள்ளிட்டோரின் ஆய்வில் தெளிவாயிற்று. இம்மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர்.

1992இல் இக்னாரோவும் ஜேக்கப் ராஜ்ஃபரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, ஆண்குறியின் திசுவைத் தளர்த்தி இரத்தம் நிரம்பச் செய்வதிலும் இதே வாயுவுக்குப் பங்கு உண்டு என்று நிறுவியது. நெஞ்சுவலியைத் தணிக்கும் பாதையும் விறைப்பைத் தரும் பாதையும் ஒன்றே என்பது இவ்வாறு புலனாயிற்று.

மாத்திரைக்கு முந்தைய காலம்

விறைப்புக் குறைபாடு பெரும்பாலும் மனக்கோளாறே என்ற கருத்து 1970கள் வரை வலுவாக இருந்தது. 1973இல் பிரான்ட்லி ஸ்காட் குழுவினர் அறுவை மூலம் பொருத்தும் கருவியை அறிமுகப்படுத்தினர். 1982இல் பிரான்சின் ரொனால்ட் விராக், பாப்பாவரின் ஊசி விறைப்பை உண்டாக்குவதை அறிவித்தார். 1983இல் லாஸ் வேகாஸ் மருத்துவ மாநாட்டில் பிரிட்டிஷ் அறிஞர் கைல்ஸ் பிரிண்ட்லி, தமக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்து அதன் விளைவை அவையினர்முன் காட்டினார். மருந்தால் இரத்தக்குழாயைத் தளர்த்தினால் விறைப்பு வரும் என்பதற்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

சொல்லும் மாறியது. 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் அவை, மனிதனையே இழிவுபடுத்தும் பழைய சொல்லைக் கைவிட்டு, உடல் செயற்பாட்டின் குறைபாட்டை மட்டும் குறிக்கும் சொல்லைப் பரிந்துரைத்தது. தமிழில் இன்றும் 'ஆண்மைக் குறைவு' என்றே விளம்பரங்கள் எழுதுகின்றன. நோயைப் பண்பின் குறையாக்கும் அந்தச் சொல்தான் பலரை மருத்துவரிடம் செல்லவிடாமல் தடுக்கிறது.

சாண்ட்விச் ஆய்வகத்தில் பிறந்த மருந்து

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள சாண்ட்விச் நகரில், ஃபைசர் ஆய்வகத்தில் 1989இல் யூகே-92480 என்ற சேர்மம், அதாவது சில்டெனாஃபில், உருவாயிற்று. நெஞ்சுவலிக்கு மருந்து காண்பதே அதன் நோக்கம். இதயத்துக்கு எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மருந்தின் செயல் நெடுநேரம் நிற்கவில்லை. நைட்ரேட்டுடன் அது மோதுவதும் தெரியவந்தது. வேல்ஸில் நடந்த தொடக்கச் சோதனைகளில் பங்கேற்ற ஆண்கள் சிலர், எதிர்பாராத விளைவாக விறைப்பைக் குறிப்பிட்டனர். ஆய்வின் திசை அங்கே திரும்பியது.

இம்மருந்தின் செயல்முறை எளிது. பாலுணர்வு எழும்போது வெளிப்படும் நைட்ரிக் ஆக்சைடு, சிஜிஎம்பி என்ற வேதித்தூதைப் பெருக்கும். தசை தளர்ந்து இரத்தம் நிரம்பும். பிடிஇ-5 என்ற நொதி அந்தத் தூதைச் சிதைக்கும். சில்டெனாஃபில் அந்த நொதியைத் தடுக்கிறது. ஆசையை இது உண்டாக்குவதில்லை. தூண்டுதல் இருந்தால் மட்டுமே துணைசெய்கிறது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. 2003இல் அதே வகையைச் சேர்ந்த வார்டெனாஃபிலும் டடாலாஃபிலும் அங்கே ஒப்புதல் பெற்றன.

விதிகள் பிறந்த வரிசை

நாக்கடி மாத்திரையில் உள்ள நைட்ரேட் சிஜிஎம்பியைப் பெருக்குகிறது. சில்டெனாஃபில் அது சிதையாமல் காக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உடல் முழுவதும் இரத்தக்குழாய்கள் தளர்ந்து, இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியக்கூடும். எனவே நைட்ரேட் எடுப்பவருக்கு இம்மருந்து அறவே கூடாது என்பது முதல் விதியாயிற்று. மாத்திரை எடுத்தவருக்குப் பின்னர் நெஞ்சுவலி வந்தாலும், சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட் தவிர்க்கப்படுகிறது. ஆகவே அவசரப் பிரிவில் மாத்திரை எடுத்ததை மறைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

விற்பனை தொடங்கிய சில மாதங்களிலேயே மரண அறிக்கைகள் வந்தன. 1998 நவம்பரில் இதய நோயாளிகளுக்கான எச்சரிக்கை வலுப்படுத்தப்பட்டது. 1999இல் பிரின்ஸ்டனில் கூடிய வல்லுநர்கள், நோயாளிகளை இதய ஆபத்தின் அளவுப்படி மூன்றாகப் பிரித்தனர். உடலுறவே இதயத்துக்கு உழைப்பு என்பதால், அந்த உழைப்பை இதயம் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி.

2005இல் திடீர்ப் பார்வையிழப்பு, 2007இல் திடீர்ச் செவித்திறன் இழப்பு பற்றிய எச்சரிக்கைகள் சேர்ந்தன. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு மருத்துவ அவசரம். புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் போன்றவை எடுப்போருக்கும், 65 வயதைக் கடந்தோருக்கும், கல்லீரல் அல்லது சிறுநீரகம் பழுதுபட்டோருக்கும் பொதுவாக 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மற்றவர்களுக்குத் தொடக்க அளவு 50, உச்சம் 100, நாளுக்கு ஒரு முறை மட்டும். சில்டெனாஃபில் நுரையீரல் உயர் இரத்த அழுத்தத்துக்கும் 2005 முதல் தரப்படுவதால், வேறு பெயரில் அதே மருந்தை இருமுறை விழுங்கும் ஆபத்தும் உண்டு. உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இதனால்தான்.

சட்டமும் சந்தையும்

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. அதனால் 2001இலேயே இந்திய நிறுவனங்கள் சில்டெனாஃபிலைக் குறைந்த விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தன. விலை எட்டியது நன்மை. ஆனால் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத இம்மருந்தைச் சீட்டில்லாமல் வாங்குவது வழக்கமாகிவிட்டது. பாலுறவு ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இருந்தும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற மறைபெயரில் விளம்பரங்கள் தொடர்கின்றன.

இத்தகைய கட்டுப்பாடற்ற விற்பனையின் விளைவைச் சிங்கப்பூர் கண்டது. 2008இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவு இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை கடுமையாகச் சரிந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். நால்வர் இறந்தனர். சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளில் கிளைபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்ததே காரணம். மூலிகை என்று விற்கப்படும் பொருள்களில் அறிவிக்கப்படாத சில்டெனாஃபில் இருப்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. நைட்ரேட் எடுக்கும் ஒருவர் அதை வெறும் லேகியம் என்று நம்பி உண்டால் நேரக்கூடியதைச் சொல்லத் தேவையில்லை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் ஒன்று உறுதியாகிறது. இம்மருந்தின் பயனும் ஆபத்தும் ஒரே வேதிப்பாதையில் இருப்பதால், சரியான ஆளுக்கு, சரியான அளவில், மருத்துவர் அறியத் தரும்போது மட்டுமே அது மருந்து.

இன்னொன்றும் உண்டு. ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை; அடைப்பு அங்கே முதலில் தெரியலாம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றின் சேதமும் அங்கே முன்கூட்டியே வெளிப்படலாம். சீட்டில்லாமல் மாத்திரை வாங்குபவர் அந்த முன்னறிவிப்பை மூடிவிடுகிறார். ஆகவே, இக்குறை உள்ளவர்கள் கூச்சம் தவிர்த்து மருத்துவரைக் காணுங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயமும் பார்க்கப்பட்ட பிறகு மாத்திரையைக் கையில் எடுங்கள்.