அடையிருக்கும் கோழியும் அடை மறந்த கோழியும்

அம்பாசமுத்திரத்து வாய்க்காலோரத் தெருக்களில் ஒரே புறவாசலில் இரண்டு வகைக் கோழிகள் மேய்வதைப் பார்க்கலாம். ஒன்று, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பொரித்து வளர்ந்த நாட்டுக்கோழி. மற்றது வனராஜா, ஐதராபாத்தின் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியது. இறகு நிறத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது.

முட்டைக் கணக்கில் வனராஜாதான் முந்தும். மேய்ச்சலிலேயே ஆண்டுக்கு 100 முதல் 110 வரை இடும். நாட்டுப் பெட்டை அதில் பாதியைத் தாண்டினால் பெரிது. இதை மட்டும் வைத்து நாட்டுக்கோழியைத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது முட்டையை நிறுத்துவது அடையிருக்கத்தான். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் உடம்பில் புரோலாக்டின் சுரப்பு பெருகி, பெட்டை கூட்டை விட்டு எழ மறுக்கும்.

ஆச்சி அடை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஓலைப்பெட்டியில் உமியும் சாம்பலும் பரப்புவாள். இடிக்கு முட்டை கலங்கிவிடக் கூடாதென்று ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போடுவாள். சில நாள் கழித்து முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைக் கழிப்பாள். 21 நாள். பொரிப்பதற்கு முந்தியே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்தும், தாய் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். காதை வைத்து அதைக் கேட்டவர்களுக்குக் கோழி வளர்ப்பின் சந்தோஷத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு குப்பையைக் கிளறிக் கிளறிக் கறையான் காட்டுவாள் தாய். பொதிகை மலைப் பக்கமிருந்து பருந்து வட்டமிட்டால் ஒரே ஒரு குரல்தான். குஞ்சுகள் எல்லாம் சிறகுக்குள்.

வனராஜா அநேகமாக அடையிருப்பதில்லை. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வரும். முதல் சில வாரம் பல்புச் சூடுதான் அதற்குத் தாய். உடம்பு கனம் என்பதால் முருங்கைக் கிளைக்குத் தாவி ஏறாது, கீரிக்கும் மரநாய்க்கும் வாகாகச் சிக்கும். கலப்பினமாதலால் அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் அடுத்த தலைமுறை அதே கணக்கில் இடாது. அதே கணக்கு வேண்டுமென்றால் மறுபடி குஞ்சு வாங்கத்தான் வேண்டும். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இத்தனை முட்டை கிடைப்பது லேசான காரியமில்லை; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான். வந்தால் சில நாளில் பஞ்சாரம் காலியாகிவிடும். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமுக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும் வழியைப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: அடைக்கு விழுந்த நாட்டுப் பெட்டையின் கீழே வனராஜா முட்டையை வைத்துவிடுவது. தன் முட்டை, பிறத்தியார் முட்டை என்று அவள் பார்ப்பதில்லை. பொரித்த குஞ்சுகளுக்கு இரை பொறுக்கவும் பருந்துக்கு ஒளியவும் அவளே பழக்குகிறாள். அதனால்தான், எத்தனை வனராஜா வாங்கினாலும் அடையிருக்கும் பெட்டை இரண்டையாவது விற்காமல் வைத்திருங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.