ஹரிபுராவின் சித்திரச் சுவர்

மாநாட்டுப் பந்தலின் முகப்பில் என்ன படம் இருக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆளுயரத் தலைவர்; தலைக்குப் பின்னே ஒளிவட்டம்; காலடியில் எறும்புபோல் ஜனங்கள்!

டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நந்தலால் போஸின் ஹரிபுராச் சித்திரங்களைப் பார்க்கப் போனபோது, அப்படி ஏதோ ஒன்றைத்தான் எதிர்பார்த்தேன். 1938 பிப்ரவரியில், குஜராத்தில் தபதி நதிக்கரையில் உள்ள ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைமை வகித்தவர் ஸுபாஷ் சந்திர போஸ். அவரை 51 காளைகள் பூட்டிய ரதத்தில் அழைத்து வந்தார்கள். அத்தகைய வைபவத்துக்காக எழுதிய படங்கள் அல்லவா?

தலைவர்களைத் தேடினேன். ஒருவரைக்கூடக் காணோம். கோஷ வாசகமும் இல்லை. ஏர் உழுகிறவன் இருந்தான். தையற்காரனும் தச்சனும் இருந்தார்கள். நெல் குத்தும் பெண்கள் இருந்தார்கள்.

பட்டணத்துக்கு வந்து சித்திரம் பார்க்க முடியாத கிராமத்து ஜனங்கள் போகிற வழியிலேயே பார்க்கட்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். கேட்க எளிதுதான். ஆனால் மூட்டையும் குழந்தையுமாக நடக்கிறவன் ஒரு படத்தின் முன் எத்தனை நேரம் நிற்பான்? நந்தலாலோ அவனீந்திரநாத் தாகூரின் சீடர். அந்த வங்கப் பாணியின் பெருமையே பனிமூட்டம்போல் கரைந்து நிற்கும் மெல்லிய வர்ணம். பத்தடி தள்ளி நின்றால் அது கண்ணுக்குப் பிடிபடாது. கைவந்த அந்த வித்தையை அவர் ஒதுக்கி வைத்தார். செங்காவி, மஞ்சட்காவி, பச்சை, கறுப்பு, வெள்ளை என்று மண்ணோடு உறவுள்ள நிறங்களை எடுத்தார். பின்புலத்தில் ஒரே நிறம், நிழலே கிடையாது. அதன்மேல் தடித்தும் மெலிந்தும் ஓடும் வேகமான கோடு. கிராமத்துப் படச்சுருள்காரர்களின் வழி அது. ஒரு படத்துக்கு ஓர் ஆள், ஒரு வேலை, அவ்வளவுதான். சாந்திநிகேதன் மாணவர்கள் பிரதி எடுத்துக் கொடுக்க, ஏறக்குறைய 400 படங்கள் தயாராகிவிட்டன.

என் நாவல் ஒன்றின் அட்டை ஞாபகம் வந்தது. கதாநாயகி, நிலா, மலை, ரயில் வண்டி எல்லாவற்றையும் எட்டு வர்ணங்களில் போட்டிருந்தார் ஓவியர். புத்தகக் கடையில் அதை நானே இரண்டு முறை தாண்டிப் போனேன்!

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இந்த உழவர்களில் ஒருவன்கூடப் பசித்தவனாக இல்லை. எல்லோருக்கும் திரண்ட தோள், நிறைந்த உடம்பு. 1938-இல் இந்தியக் கிராமம் அப்படியா இருந்தது? கதை எழுதுகிறவனுக்கு இது உறுத்துகிறது. ஆனால் அன்று அந்த வழியே போன குடியானவன், சுவரில் தன் எலும்பைப் பார்க்கவா ஆசைப்பட்டிருப்பான்? மகாசபையின் வாசலில், தலைவருக்கென்று நாம் ஒதுக்கி வைக்கும் இடத்தில், தன்னைப் போன்ற ஒருவன் நிற்பதைப் பார்த்தான். இரண்டு பக்கமும் மனம் ஆடுகிறது, எனக்குத் தீரவில்லை.

புறப்படுமுன் முரசு கொட்டுகிறவனிடம் மறுபடி போனேன். அவன் முகம் இப்போது நினைவில் இல்லை. செங்காவியும், முரசோடு சேர்ந்து வளைந்த அந்த உடம்பின் ஒரே கோடும் மட்டும் கண்ணில் நிற்கின்றன.