மீனுக்கு அந்த அலாரமே இல்லையா?

இன்னிக்கு ஒரு தப்பு முடிவோட கதை. என் வேலையில நான் வாரம் ஒரு தடவையாவது பண்ற தப்பு அது.

ஈ.கோலை மாதிரி பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எல்பிஎஸ் என்ற மூலக்கூறு இருக்கு. ரத்தத்தில் துளி கலந்தாலே நம்ம உடம்பு கொந்தளிச்சிடும்: காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவது, சில சமயம் மரணம். மீன்களுக்கு அதைவிடப் பல மடங்கு ஏற்றினாலும் அவ்வளவா அசரலைன்னு 1966லயே பதிவாகியிருக்கு.

ஏன்னு கேட்கவே 1998 வரை வழியில்லை. அந்த வருஷம் ப்ரூஸ் பாய்ட்லர் குழு, எல்பிஎஸ்ஸுக்கு அசையாத ஒரு எலி வகையில் பழுதான மரபணு எதுன்னு கண்டுபிடிச்சது: டிஎல்ஆர்4. 2011 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. டிஎல்ஆர்4 தனியா வேலை செய்யாது. எல்பிஎஸ்ஸைப் பிடிக்க எம்டி-2 என்ற கூட்டாளிப் புரதம் வேணும். இதை மனசுல வச்சுக்கோங்க.

அடுத்து மீன்களைத் துழாவினாங்க. ஃபுகு மீனில் டிஎல்ஆர்4 கிடைக்கவில்லை. வரிக்குதிரை மீனில் அதே சாயலில் மரபணுக்கள் இருந்தன, ஆனா எல்பிஎஸ்ஸை உணரவில்லைன்னு 2009ல் இரண்டு ஆய்வுகள் சொல்லின. எம்டி-2 யார் கண்ணிலும் படவில்லை. பாக்டீரியாவின் வால் புரதமான ஃபிளாஜெலினை உணரும் டிஎல்ஆர்5 மீன்களுக்கு உண்டு, அதனால அவை நிராயுதபாணி இல்லை. எல்பிஎஸ் அலாரம் மட்டும் கிடையாதுன்னு முடிவு கட்டிட்டாங்க.

கவனிச்சீங்களா? அந்தச் சோதனைகளில் மீனோட சொந்த எம்டி-2 இல்லவே இல்லை. ஒரு லைப்ரரி லோட் ஆகாம ஃபங்ஷனை ஓட்டிப் பார்த்துட்டு, "இது செத்த கோடு"ன்னு எழுதி வைக்கிற மாதிரி. ரொம்ப மாறிப்போன மரபணு எழுத்து ஒப்பிடும் தேடலில் சிக்காது என்பதும் எனக்குப் பழகின வலிதான்.

2021ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகக் குழு வரிக்குதிரை மீனில் எம்டி-2வைக் கண்டுபிடிச்சது. அதை மீனோட டிஎல்ஆர்4 ஒன்றுடன் சேர்த்ததும் எல்பிஎஸ்ஸுக்குப் பதில் வந்தது. அப்போ இந்த அலாரம் நிலவிலங்குகள் புதுசா செஞ்சது இல்லை, மீன்களும் நாமும் பிரியறதுக்கு முன்னாடியே இருந்திருக்கணும்.

மனித நோய்களைப் புரிஞ்சுக்க இந்த மீன் குஞ்சுகளில்தான் ஏராளமான சோதனைகள் நடக்குது. அதனால இது சின்னத் திருத்தம் இல்லை. ஆனா கதை அங்கேயும் முடியலை. எம்டி-2 மரபணுவைக் கெடுத்த குஞ்சுகளில் அழற்சி சமிக்ஞைகள் மாறின, எல்பிஎஸ் நஞ்சிலிருந்து பெரிய பாதுகாப்பு கிடைக்கலை. அந்தக் குஞ்சுகளை எல்பிஎஸ் கொல்லும் முக்கிய வழி வேற எங்கேயோ இருக்கு.