ஒரே கணினி, நாலு 'க'

தமிழில் 'க' அடிக்க எந்த விசையைத் தட்டணும்? சின்னக் கேள்விதான். ஆனால் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

தட்டச்சுப் பயிலகத்தில் "யளனக" அடித்துப் பழகியவருக்கு ஆங்கில எஃப் இருக்கும் இடம். இன்ஸ்கிரிப்ட்காரருக்கு கே. தமிழ்99காரருக்கு எச். அஞ்சல்காரர் கே, ஏ என்று இரண்டு தட்டுத் தட்டுவார்.

நாலுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தட்டச்சுப் பொறிக்கு வழி போட்டார். 1980களில் மத்திய அரசின் மின்னணுத் துறை, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இன்ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம்99 மாநாடு நடந்தது. அதே ஆண்டு தமிழக அரசு தமிழ்99ஐத் தரப்படுத்தியது. தரம் வந்தது, சரி. பழகிய விரல் அரசாணை படிக்குமா என்ன?

இந்த நாலு பேரும் ஒரே கணினியில் உட்கார்ந்தால்? அதற்கு எங்கள் ஆரியசாலையைப் பார்க்கணும். ராஜா கேசவதாசன் உருவாக்கிய சாலைக் கம்போளத்தை ஒட்டிய இடம். தமிழும் மலையாளமும் ஒரே தராசில் நிறுக்கப்படும் ஊர். ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே கதை எழுதியதும் இந்தச் சாலைத் தெருவில்தான்.

எக்ஸ்பி காலத்தில் பெரியப்பா கடையில் ஒரே கணினி, ஒரே கணக்கு, கடவுச்சொல் கிடையாது. கணக்குப்பிள்ளை அண்ணாச்சி தட்டச்சில் ஹையர் பாஸானவர். பெரியப்பா மகன் பள்ளியில் மலையாள இன்ஸ்கிரிப்ட் படித்தவன். அவனுக்குத் தமிழ் இன்ஸ்கிரிப்டும் சுலபமாக வந்தது. 'കട' என்பதற்கும் 'கடை' என்பதற்கும் முதல் இரண்டு விசைகள் ஒன்றேதான். தமிழுக்கு ஐகாரக் குறி மட்டும் கூடுதல். அதையே கணினியில் நிரந்தரமாக்கிவிட்டான். அண்ணாச்சியின் இருபது வருட வேகம் ஒரே நாளில் போச்சு. நாகர்கோவில், திருநெல்வேலிக்குப் போகும் கடிதங்களை மறுபடி கையால் எழுத ஆரம்பித்தார்.

இதில் வேடிக்கை, விண்டோஸ் விசைப்பலகைத் தேர்வை ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாகத்தான் சேமிக்கிறது. இரண்டு கணக்கு திறந்திருந்தால் பாதித் தகராறு தீர்ந்திருக்கும். மீதிப் பாதி, புதிய விசைப்பலகையை நிறுவ நிர்வாகி அனுமதி வேண்டும் என்பது. இணைய மையங்களில் அதை யார் தருவார்கள்? அதனால்தான் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே தட்டச்ச வைத்த சுரதாவின் பக்கம் அன்றைக்கு அத்தனை பேருக்குக் கைகொடுத்தது. பிறகு வந்த என்எச்எம் ரைட்டரில் ஆல்ட்டோடு ஓர் எண்ணைத் தட்டினால் விசைப்பலகை மாறியது. அண்ணாச்சிக்கு ஓர் எண், தம்பிக்கு ஓர் எண்!

2019ல் விண்டோஸ் 10லேயே தமிழ்99ம் அஞ்சலும் சேர்ந்துவிட்டன. நல்ல சேதி. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்99தான் என் சிபாரிசும். ஆனால் தரம் என்பது கற்பவருக்கு வழிகாட்டி. ஏற்கெனவே கற்றவரின் கையைக் கட்டுவதற்கு அல்ல. கடையிலோ நூலகத்திலோ பொதுக் கணினி வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் இல்லாமல்தான் ஒரு நல்ல தட்டச்சர் பேனாவுக்குத் திரும்பினார்.