பக்கவாதம்: சொல்லும் காலமும்

‘பக்கவாதம்’ என்னும் சொல், உடலில் வாதமாகிய காற்று மிகுவதே இந்நோய்க்குக் காரணம் என்ற பழைய மருத்துவக் கொள்கையைத் தாங்கி நிற்கிறது. 1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர், இறந்தோர் மூளையில் இரத்தக்கசிவைக் கண்டு, நோயின் இடம் மூளையே என்று காட்டினார். ஆயினும் அவ்வறிவு நோயாளிக்குப் பயன்பட மூன்று நூற்றாண்டுகள் கடந்தன.

1957இல் கிளாஸ்கோ மருத்துவர் ராங்கின், பிழைத்தோர் பிறர் துணையின்றி எவ்வளவு வாழ முடிகிறது என்பதைப் படிநிலைகளாக வகுத்தார். அதனால் மருத்துவத்தின் பலனை ஒப்பிட்டு அளக்கவும், முன்கணிக்கவும் வழி பிறந்தது. 1971இல் லண்டனில் தோன்றிய சி.டி. ஸ்கேன், அடைப்பையும் கசிவையும் பிரித்துக் காட்டியது. 1995இல், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால் ஊனம் குறையும் என்று அமெரிக்க ஆய்வு நிறுவியது. 2008இல் அவ்வெல்லை நாலரை மணியாக நீண்டது. காலமே மருந்தின் பகுதியாயிற்று.

சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் 1999இல் தேசிய நரம்பியல் கழகம் அமைந்தது. 2018இல் செங்காங் பொது மருத்துவமனையும், மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் சமூக மருத்துவமனையும் பொங்கோலுக்கு அருகிலேயே திறக்கப்பட்டன. தொலைவு குறைந்தது, தயக்கம் குறைவது நம் கையில் உள்ளது. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, காலையில் சரியாகிவிடும் என்று காத்திராமல் உடனே 995ஐ அழைக்க வேண்டும். தாத்தா பாட்டியுடன் வாழும் மாணவர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.