ஜனதாவும் அதன் உதிரிகளும்

உதிரிப்பாகம் என்னும் கருத்துக்கு வயது அதிகமில்லை. முற்காலத்தில் ஒரு கடிகாரத்தின் பற்சக்கரம் அந்தக் கடிகாரத்துக்கென்றே அரத்தால் இழைக்கப்பட்டது. உடைந்தால் புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டும். 1850களில் அமெரிக்காவின் வால்தம் நகரில் ஆரன் டென்னிசனும் கூட்டாளிகளும் துப்பாக்கித் தொழிற்சாலையின் முறையைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்தனர். ஒன்றின் பாகம் அதே வகையிலுள்ள எதிலும் பொருந்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் அதைக் கண்டு சுவிட்சர்லாந்துக்காரர்களே கலங்கினார்கள்.

நமக்கு அம்முறை ஜப்பான் வழியாக வந்தது. 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார ஆலை தோன்றிற்று. நம் தந்தையரின் மணிக்கட்டில் நாம் கண்ட சாவி கொடுக்கும் ஜனதா அதன் பிள்ளை. 17 கற்கள் கொண்ட 0231 இயந்திரம் அதனுள் ஓடிற்று. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது.

ஆலை போனபின் பாகத்துக்கு எங்கே போவது? கண்ணாடிக்கும் வாருக்கும் மாற்று கிடைத்துவிடும். சக்கரமோ சாவித்தண்டோ தேய்ந்தால், பழுதுபார்ப்பவர் இன்னொரு ஜனதாவைத்தான் பிரிக்கிறார். பொருந்துகிறது, வால்தம்காரர்களின் கனவு பலித்ததென்றே சொல்லலாம். ஆனால் ஒன்று பிழைக்க இன்னொன்று கூடாகிறது.

ஏட்டுச்சுவடிகளோடு பழகிய நமக்கு இது உறுத்துகிறது. ஒரு சுவடியில் சிதைந்த அடியை வேறொரு சுவடியிலிருந்து நிரப்பினால், கொடுத்த சுவடிக்கு எள்ளளவும் குறைவில்லை. கடிகாரத்தில் அந்த வசதி கிடையாது.

முகப்புத் தட்டின் கதை வேறு. மங்கிய எழுத்தைச் சுரண்டிப் புதிதாக அச்சிட்டு, ஆலை ஒருநாளும் வெளியிடாத நிறங்களில்கூட விற்கிறார்கள். இடைச்செருகலுக்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் காட்ட முடியாது! உள்ளே ஓடும் சக்கரம் வேறொரு ஜனதாவினுடையது என்றாலும் அதுவும் அதே ஆலையின் வேலை. அதை நாம் ஏற்கலாம். பளபளக்கும் போலி முகப்பைவிட, பழுப்பேறிக் கீறல் விழுந்த மூல முகப்பையே விட்டுவைக்கச் சொல்லுங்கள். எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வைத்துவிட்டால், அடுத்து அதைத் திறப்பவருக்கு உதவும்.