மெட்ரிகுலேசன்: வாசல் கீழிறங்கி வந்த கதை

1

மெட்ரிகுலேசன் என்ற சொல்லை நாம் பள்ளிக்கூடத்தின் பெயராக மட்டுமே அறிந்திருக்கிறோம். லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்குப் பெயர்ப்பதிவேடு என்று பொருள். பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கான தேர்வு, அதாவது பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கான தேர்வுதான் மெட்ரிகுலேசன். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது பள்ளிப்படிப்பை முடித்த பையன்கள் எழுதிய தேர்வு அது. இன்று அதே பெயர்ப்பலகையின் கீழ் மூன்றரை வயதுக் குழந்தை நிற்கிறது. "வாட் ஈஸ் யுவர் நேம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு நுழைவுத் தேர்வு ஒன்றரை நூற்றாண்டில் இளைஞர்களிடமிருந்து குழந்தைகளிடம் எப்படி இறங்கி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பயிற்றுமொழி பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. வாசலில் வைக்கப்படும் இந்தத் தேர்வை மட்டும் ஏதோ சில்லறை விஷயம் என்று விட்டிருக்கிறோம்.

2

ஆங்கிலம் வருவதற்கு முன் இங்கே வாசலே இல்லை என்பதல்ல. தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர். மக்கள்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று வருகிறது. தரம்பால் இந்தக் கணக்குகளை 1983இல் நூலாக்கிய பிறகு திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் பாடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பொற்காலம் யாருக்கு? பறையர், பள்ளர், சக்கிலியர் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தத் திண்ணைக்கு வெளியேதான் நின்றார்கள். பெண் பிள்ளைகள் மிகச் சிலர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திண்ணை வாத்தியார் சேர்க்க வந்த பிள்ளைக்குத் தேர்வு வைத்ததில்லை. விஜயதசமியன்று கையைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பதோடு படிப்பு தொடங்கிவிடும். தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே பிள்ளை வருகிறது! அங்கே விலக்கல் பிறப்பின் பெயரால் நடந்தது, ஒளிவுமறைவில்லாமல் நடந்தது.

1835 பிப்ரவரியில் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். மார்ச்சில் பெண்டிங்க் அதை அரசுத் தீர்மானமாக்கினார். மேலே ஒரு சிறு வர்க்கத்துக்கு ஆங்கிலக் கல்வி, அங்கிருந்து அறிவு கீழே வடியும் என்பது அன்றைய கொள்கை. 1841இல் சென்னை உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. 1855இல் அது மாநிலக் கல்லூரி ஆனது. இடையில் 1844இல் ஹார்டிஞ்ச், அரசு வேலைகளில் ஆங்கிலப் படிப்பு உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்று அறிவித்தார். அதோடு ஆங்கிலம் சோற்றுக்கான வழியாக ஆகிவிட்டது. 1857இல் மெட்ரிகுலேசன் தேர்வு வந்து அந்த வழிக்குக் கதவு வைத்தது. ஆங்கிலத்தில் தேறாதவன், வேறு எதில் தேறினாலும், உள்ளே போக முடியாது.

திண்ணை சாதியைக் கேட்டது. மெட்ரிகுலேசன் சாதியைக் கேட்கவில்லை, ஆங்கிலத்தைக் கேட்டது. வந்த விடை என்னவோ பழைய விடைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை தரும் எண்ணிக்கை இது: சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள் 124 பேர், மற்றவர்கள் 74 பேர். பிறப்பின் பெயரால் நடந்த விலக்கல் இப்போது தகுதியின் பெயரால் நடந்தது. வெளியே நிற்பவன் 'நான் இந்தச் சாதி, அதனால்தான் விடவில்லை' என்று சொல்லும் வாய்ப்பையும் இந்தப் புதிய வாசல் பறித்துக்கொண்டது. 'எனக்கு வரவில்லை' என்று அவனையே சொல்ல வைத்தது.

சாதகமான பக்கத்தில் பிறந்தவனையும் அது சில சமயம் கவ்வியதுண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன் ஆங்கிலக் கட்டுரையில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டமில்லாத அவருக்கு 1913இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது, கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதங்கள் வந்த பிறகு. கடிதம் எழுத ஹார்டி கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

3

தேர்வு என்பது கண்காணிப்பையும் தரப்படுத்தலையும் ஒன்றாக்கும் சடங்கு என்கிறார் ஃபூக்கோ. தேர்வில் நிற்பவர் ஒரு 'கேஸ்' ஆக எழுதப்படுகிறார். அந்த எழுத்து அவரைப் பின்தொடர்கிறது. பூர்தியு இன்னும் நேராக வருகிறார். பள்ளி தான் கற்றுத்தராத ஒன்றை மாணவனிடம் எதிர்பார்க்கிறது; அது வீட்டிலேயே கிடைத்தவனைத் திறமைசாலி என்கிறது; வீட்டின் பண்பாட்டு மூலதனம் பிள்ளையின் அறிவாக மதிப்பெண் பெறுகிறது. பிரான்சை வைத்து அவர் எழுதியதற்கு நம்மூர் எல்.கே.ஜி. சேர்க்கையைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

சில வருஷங்களுக்கு முன் என் அக்கா மகளைச் சேர்க்க ஒரு சிறுநகரத்து மெட்ரிகுலேசன் பள்ளிக்கு நானும் கூடப் போயிருந்தேன். அத்தான் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். டீச்சர் ஓர் அட்டையைக் காட்டினார்.

"இது என்ன சொல்லு?"

"பச்சக்கிளி. கொய்யாப்பழம் திங்கும்."

"இங்கிலீஷ்ல சொல்லும்மா."

பிள்ளை பேசவில்லை. தாளில் பெருக்கல் குறி விழுந்தது. பிறகு அத்தானைப் பார்த்து, "வீட்ல யாரு சார் சொல்லிக்குடுப்பா?" என்றார்.

அக்கா முந்திக்கொண்டு, "என் தம்பி எம்.ஏ. படிச்சிருக்கான் மேடம்" என்றாள்.

"எம்.ஏ. என்ன?"

"தமிழுங்க."

"ஓ..." என்று விண்ணப்பத்தை மூடிவைத்தார்.

டீச்சர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருக்குக் கொடுத்த வேலையைச் செய்தார். நடந்ததைப் பாருங்கள். கிளி எது, என்ன நிறம், என்ன தின்னும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. தாளில் பதிவானது 'தெரியாது'. அதற்கடுத்த கேள்வி அப்பனிடம் போனது. தேர்வு யாருக்கு என்பது அங்கே வெளிப்பட்டுவிட்டது. மூன்று வயதில் ஒரு குழந்தையிடம் ஆங்கிலம் இருக்கிறதென்றால் அது வீட்டின் ஆங்கிலம். வீட்டின் ஆங்கிலம் என்பது இரண்டு மூன்று தலைமுறையின் பள்ளிப் படிப்பு. அது யார் வீடுகளில் குவிந்தது என்பதை மேலே சொன்ன 650இன் கணக்கு சொல்லிவிடுகிறது.

4

இந்த வாசல் மழலை வகுப்புக்கு எப்படி வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்த பிறகு மெட்ரிகுலேசன் தேர்வு ஓரத்துக்குப் போயிற்று. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் மேற்பார்வையில் கொஞ்சம் பள்ளிகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்கள் கைகழுவ, அரசு அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துத் தனி வாரியம், தனி விதித்தொகுப்பு என்று ஏற்பாடு செய்தது. அதன்பின் அவை பல்கிப் பெருகின. சிற்றூர் வரைக்கும் ஆயிரக்கணக்கில் வந்தன. பல்கலைக்கழக நுழைவின் பெயர் எல்.கே.ஜி. நுழைவின் பெயராயிற்று. 2012இல் பொதுவான பத்தாம் வகுப்புத் தேர்வு வந்ததோடு தனி மெட்ரிகுலேசன் தேர்வு செத்துப்போனது. பலகையில் பெயர் மட்டும் நின்றது.

பள்ளி நடத்துகிறவர்கள் சொல்வது இது: "எங்க பாடமெல்லாம் இங்கிலீஷ்ல. ஒண்ணுமே தெரியாத பிள்ளை வந்தா அதுக்குத்தான் கஷ்டம்." அக்கறையான பேச்சுதான். ஆனால் எல்.கே.ஜி. என்பது தொடக்கம். தொடக்கத்துக்கு முன்தகுதி கேட்பவர்கள், கற்பிக்கும் வேலையை வீட்டிடம் விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று ஃபிளக்ஸ் வைக்கிறபோது, அந்தத் தேர்ச்சியில் பள்ளி கற்பித்தது எவ்வளவு, வாசலில் பொறுக்கி எடுத்தது எவ்வளவு என்று யாராவது கேட்க வேண்டாமா?

5

அரசுக்கு இது தெரியாததல்ல. மழலையர் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைப்பதை ஒழிக்கச் சொல்லி யஷ்பால் குழு 1993இலேயே பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 50,000 வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயது வரை. வடிகட்டல் நடப்பதோ மூன்றிலும் நான்கிலும். 2013 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம், நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காடு போக, மற்ற மழலையர் சேர்க்கைக்கு இச்சட்டம் பொருந்தாது என்று கூறி, சட்டத்தைத் திருத்தும்படி அரசுக்கே யோசனை சொன்னது. இந்த ஓட்டை வழியாகத்தான் தேர்வு 'இன்டராக்ஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டு உள்ளே வருகிறது.

நம் பக்கம் என்ன நடந்தது? தமிழ்வழிக் கல்விக்கான போராட்டத்தின் அழுத்தத்தில் 1999இல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழை வற்புறுத்தும் அரசாணை வந்தது. 2000இல் உயர்நீதிமன்றத்தில் அடிபட்டது. மறுபக்கம் தலித் தரப்பிலிருந்து, ஆங்கிலம் விடுதலைக்கான ஏணி என்ற குரல் வந்தது. 2006இல் சந்திரபான் பிரசாத் டெல்லியில் மெக்காலேயின் பிறந்தநாளையே கொண்டாடினார். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே நாம் பத்திரிகை பத்திரிகையாகச் சண்டை போட்டிருக்கிறோம். சண்டை நியாயமானது, தொடரட்டும். ஆனால் வாசல் தேர்வு இருவரையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. தமிழில் பேசியதற்காக ஒரு பிள்ளைக்குப் பெருக்கல் குறி போடுவது தமிழ்த் தரப்புக்கு அவமானம். இங்கிலீஷ் படிக்கத்தான் வருகிறேன் என்கிற சேரிப் பிள்ளையிடம், இங்கிலீஷ் தெரிந்தால்தான் சேர்ப்பேன் என்பது ஏணியை மாடியிலேயே வைத்துக்கொண்டு ஏறி வா என்பது. ஆங்கிலத்தைக் கற்றுத்தரச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அதை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லும் உரிமை பள்ளிக்குக் கிடையாது.

ஆகவே பயிற்றுமொழிச் சண்டை முடியட்டும் என்று காத்திருக்காமல் இரு தரப்பும் சேர்ந்து கேட்கக்கூடியவை சில உண்டு. 13ஆம் பிரிவு மழலை வகுப்புகளுக்கும் நீட்டப்பட வேண்டும். விண்ணப்பத்தில் பெற்றோரின் படிப்பைக் கேட்கும் கட்டம் நீக்கப்பட வேண்டும். இடத்துக்கு மேல் ஆள் வந்தால் எல்லார் முன்னிலையிலும் குலுக்கல் போட வேண்டும். இவற்றுக்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. மே மாதத்தில் ஏதாவதொரு பள்ளி வாசலில் அந்தச் சட்டப்பிரிவின் நகலோடு பெற்றோருடன் நாலு பேர் போய் நின்றாலே வேலை தொடங்கிவிடும்.